தீபாவளி முடிந்தது, குப்பை எங்கே போனது?

தீபாவளிக்கு மறுநாள். இன்னும் பொழுது விடியவில்லை.

தெருவெல்லாம் ஒரே சிவப்பு. கம்பளம் விரித்தது போலக் காகிதத் துண்டுகள். நடுநடுவே கருகிப்போன கம்பி மத்தாப்புக் கம்பிகள், வாய் பிளந்த புஸ்வாணங்கள், நூல் பிரிந்த அணுகுண்டுகள். ஊர் அயர்ந்து தூங்குகிறது. வெடி வெடித்த களைப்பு. பலகாரம் தின்ற களைப்பு.

தெரு முனையில், 'சர்... சர்...' என்று ஒரு சத்தம். துடைப்பச் சத்தம்! ஒரு அம்மாள் குனிந்து பெருக்கிக்கொண்டே வருகிறார். அவருக்கும் நேற்றுத் தீபாவளிதான். ஆனால் அவர் தூங்க முடியாது.

காலை 8 மணி. வீட்டுக்காரர் காப்பித் தம்ளருடன் வாசலுக்கு வருகிறார். தெரு பளிச்சென்று இருக்கிறது. "அப்பாடா, குப்பை போய்விட்டது!" என்கிறார்.

போய்விட்டதா? எங்கே?

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடிப் போனால், அது பெரிய பயணமாகிவிடுகிறது. முதலில் சிவகாசிக்குப் போக வேண்டும். பிறகு கும்மிடிப்பூண்டிக்கு. பிறகு கடல் கடந்தும் போக வேண்டும்.

காகிதத் துண்டு சொல்லும் கதை

தெருவில் கிடக்கும் துண்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மேலே வர்ணத் தாள். உள்ளே சுருள் சுருளாகப் பழுப்புத் தாள். சில சமயம் அதற்குள் அச்சிட்ட எழுத்து தெரியும். பாதி வார்த்தை, மீதியைக் காணோம். சில சமயம் ஒரு பள்ளிப் பிள்ளை போட்ட கணக்கும், வாத்தியார் போட்ட சிவப்பு மையும்கூடத் தெரியும்.

ஆம். பட்டாசு சுற்றும் காகிதத்தில் பழைய காகிதமும் உண்டு. வீட்டில் சேர்ந்த பழைய பத்திரிகையையும் நோட்டையும் எடைக்குப் போடுகிறோம். "பழைய பேப்பர்!" என்று கூவி வருகிறவர் வாங்கிப் போகிறார். அது கடைக்குப் போகிறது. கடையிலிருந்து லாரி ஏறுகிறது. ஒரு பங்கு காகித ஆலைக்குப் போய்க் கூழாகிறது. ஒரு பங்கு பட்டாசு ஊருக்குப் போய்க் குழாயாகிறது.

அங்கே குழாயின் வயிற்றில் மருந்து நிறைகிறது. திரி முளைக்கிறது. வர்ணச் சட்டை போட்டுக்கொள்கிறது. பிறகு உங்கள் தெருவுக்கே திரும்பி வந்து, 'டமார்' என்று வெடித்துச் சிதறுகிறது.

இன்று உங்கள் கையில் இருக்கும் இந்தப் பேப்பரும் ஒரு நாள் அப்படித் திரும்பி வரலாம்!

எதையும் வீணாக்காத ஊர்

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத சீமை.

1922-ம் ஆண்டில் ஐயநாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எந்த வெயில் பயிரைக் கருக்கியதோ, அதே வெயில் தீக்குச்சியைக் காயவைத்தது! சாபமே வரமாயிற்று.

தீப்பெட்டிக்கு மேல் ஒட்டப் படம் வேண்டும் அல்லவா? அச்சுத் தொழில் வந்தது. தீப்பெட்டியின் தம்பியாகப் பட்டாசு வந்தது. 'குட்டி ஜப்பான்' என்று ஊருக்குப் பெயரும் வந்தது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் பிறந்ததுதான். 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆயிற்று.

அந்த ஊரில் காகிதத்தை வீணாக்க மாட்டார்கள். அச்சகத்தில் காலண்டரையும் நோட்டையும் வெட்டும்போது ஓரத்தில் நாடா நாடாகத் தாள் விழும். அதற்கும் விலை உண்டு. மூட்டை கட்டி எடை போட்டு விற்றுவிடுவார்கள். அட்டைத் துண்டுக்கும் விலை உண்டு. கிழிந்த சாக்குக்கும் விலை உண்டு.

ஆனால் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் அங்கே விலை இல்லை. அது மிஞ்சினால் யாரும் வாங்க மாட்டார்கள். பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

அதுதான் மருந்து!

மிஞ்சிய மருந்து

மற்ற ஊர்களில் மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது. சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைப்பது. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் இவற்றின் கலவை.

தனித்தனியாக இருக்கும்வரை இவை சாதுவான பொருள்கள். சேர்த்துவிட்டால் சங்கதியே வேறு. ஒரு பொறி போதும். பொறிகூட வேண்டாம், ஒரு உரசல் போதும்.

அதனால்தான் பட்டாசு ஆலையில் ஆயிரம் கட்டுப்பாடு. அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும். ஒரு அறையில் 4 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். இரும்புச் சாமான் கூடாது. மருந்து கலக்கும் வேலை, வெயில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டுப்பாடு உண்டு. கலந்த மருந்து அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். ராத்திரிக்கு மிச்சம் வைக்கக் கூடாது!

ஏன்?

அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால், அது மெல்ல மெல்லச் சூடாகும். உள்ளே ரசாயன மாற்றம் நடக்கும். அமோனியா வாடை வரும். சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தானாகத் தீப்பிடிக்கும். யாரும் தீ வைக்க வேண்டியதில்லை. மூலையில் சும்மா கிடந்த குப்பை, தன்னைத் தானே கொளுத்திக்கொள்ளும்!

மற்ற ஊர்க் குப்பை நாறும். இந்த ஊர்க் குப்பை வெடிக்கும்.

ஆகவே தரையில் சிந்திய மருந்தையும், உருப்படாத பட்டாசையும், திரி அறுந்ததையும், குழாய் பிளந்ததையும் அவ்வப்போது கூட்டி எடுக்க வேண்டும். அறைகளுக்குத் தூரத்தில் தனி இடத்தில் வைத்து, பொறுப்பானவர் முன்னிலையில், கொஞ்சம் கொஞ்சமாக எரிக்க வேண்டும்.

'கொஞ்சம் கொஞ்சமாக' என்ற அந்த இரண்டு வார்த்தையில்தான் உயிர் இருக்கிறது.

சீசன் நேரம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கழிவு ஒரு நாள் சேர்கிறது. இரண்டு நாள் சேர்கிறது. "எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொளுத்திவிடலாமே" என்று தோன்றுகிறது. அந்தத் தோன்றல்தான் எமன். கழிவை எரிக்கப் போனவர்கள் கழிவோடு கருகிப்போன சம்பவங்கள் இந்த வட்டாரத்தில் நடந்திருக்கின்றன. செய்தி பத்திரிகையில் நாலு வரி வரும். வீட்டில் அது தலைமுறைக்கும் மாறாத துக்கம்.

பட்டாசு செய்யும்போது விபத்து என்றால் எல்லோருக்கும் புரிகிறது. பட்டாசுக் குப்பையை அழிக்கும்போதும் உயிர் போகும் என்பது பலருக்குத் தெரியாது.

முதலிப்பட்டி

மருந்து ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் முழுவதும் பார்த்த நாள் ஒன்று உண்டு. 2012 செப்டம்பர் 5. சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டி.

அங்கே ஒரு ஆலையில் பகல் வேளையில் தீப்பிடித்தது. அறைக்கு அறை தாவியது. புகையைக் கண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். உதவி செய்ய வந்தவர்களும் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சமயத்தில் பெரிய வெடி வெடித்தது. கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். ஓடி வந்தவர்களும் அதில் அடக்கம்.

அது குப்பையில் பிடித்த தீ அல்ல. ஆனால் அது சொல்லும் பாடம் குப்பைக்கும் பொருந்தும். மருந்து கொஞ்சமாக இருந்தால் வேலை, குவிந்தால் வினை.

குப்பையால் போன கூலி

இனி கோர்ட்டுக்கு வருவோம். குப்பைக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது!

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. டெல்லியில் குழந்தைகள் மூச்சுவிட முடியவில்லை என்று தொடரப்பட்ட வழக்கு அது. பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றது கோர்ட்டு. புகை குறைந்த பட்டாசுதான் வேண்டும் என்றது. சரவெடியை அடியோடு தடை செய்தது.

சரவெடிக்குத் தடை ஏன்? கோர்ட்டு சொன்ன காரணங்கள் மூன்று. ஒன்று, காற்று கெடுகிறது. இரண்டு, சத்தம். மூன்றாவது, குப்பை!

கணக்குப் பாருங்கள். பத்தாயிரம் வாலா என்றால் பத்தாயிரம் வெடிகள். பத்தாயிரம் காகிதக் குழாய்கள். வெடித்து முடிவதற்குச் சில நிமிஷங்கள். பெருக்கி அள்ளுவதற்கோ அரை நாள்!

2021 அக்டோபரில் கோர்ட்டு இந்தத் தடையை மறுபடியும் வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில் பட்டாசு உற்பத்தியாளர்கள் விலக்குக் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சரவெடியை எந்திரம் பின்னுவதில்லை. பெண்கள் பின்னுகிறார்கள். பூத்தொடுப்பது போல, திரியையும் திரியையும் சேர்த்து விரலாலேயே பின்ன வேண்டும். அதில் கை தேர்ந்தவர்கள் சிவகாசி வட்டாரத்துக் கிராமங்களில் ஏராளம். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும், ரேஷன் கடைச் செலவும், சீட்டுப் பணமும் அந்த விரல் நுனியில்தான் இருந்தன. தடை வந்தது. விரல்கள் ஓய்ந்தன.

டெல்லித் தெருவில் பெருக்க முடியாத குப்பை, தாயில்பட்டிப் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைத்தது. யாரைக் குறை சொல்வது? மூச்சுத் திணறும் குழந்தையின் தாயும் தாய்தான். சரம் பின்னும் தாயும் தாய்தான்.

பசுமைப் பட்டாசு என்ற பெயரில் இப்போது வருகிறதே, அது 2019-ல் அறிமுகமானது. மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் கண்டுபிடித்த கலவை. தூசியும் புகையும் சுமார் 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பசுமைப் பட்டாசுக்கும் சட்டை காகிதம்தான். வெடித்த பிறகு தெருவில்தான் கிடக்கும்.

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லாரி

சரி, பெருக்கிய குப்பை எங்கே போயிற்று?

சென்னையில் மாநகராட்சி அதைத் தனியாகச் சேர்க்கிறது. துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனிச் சாக்கு கொடுக்கிறார்கள். வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது என்பது உத்தரவு. அண்மை ஆண்டுகளில் ஒரு தீபாவளிக்கே 100 டன்னுக்கு மேல் சேர்ந்திருக்கிறது. அது லாரி ஏறி, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. ஆபத்தான ஆலைக் கழிவுகளை அழிக்கும் நிலையம் அங்கே இருக்கிறது.

ஏன் இந்தத் தனி மரியாதை?

முதல் காரணம், வெடிக்காத வெடி. நூற்றில் சில திரி அணைந்து கிடக்கும். அது குப்பை லாரியில் ஏறினால் லாரிக்கு ஆபத்து. குப்பை மேட்டுக்குப் போனால் மேட்டுக்கே ஆபத்து.

இரண்டாவது காரணம், ஒட்டிக்கொண்டிருக்கும் ரசாயனம். வாழைப்பழத் தோலும் காய்கறிக் கழிவும் மக்கி உரமாகும். அதோடு இதைக் கலந்தால் உரமும் கெட்டுப்போகும்.

கும்மிடிப்பூண்டியில் என்ன செய்வார்கள்? அத்தகைய நிலையங்களில் பெரிய பள்ளம் இருக்கும். அடியில் களிமண் இறுக்கி, அதன் மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருப்பார்கள். உள்ளே ஊறும் கசிவு நீர் பூமிக்குள் இறங்காதபடி குழாய் வைத்து வெளியே எடுப்பார்கள். தேவைப்பட்டால் கழிவைச் சுண்ணாம்பு, சிமெண்டுடன் கலந்து இறுக்கிப் புதைப்பார்கள்.

ஆக, குப்பை போகவில்லை. ஒரு பெட்டகத்துக்குள் பத்திரமாகப் பூட்டி வைக்கப்படுகிறது. ஒரு நாள் கொண்டாட்டத்தின் மிச்சத்துக்கு ஆண்டாண்டுக் காலம் காவல்!

இது தலைநகரத்துக் கதை. சின்ன ஊர்களில் பல இடங்களில் எல்லாக் குப்பையும் ஒரே வண்டியில்தான் போகிறது. ஊருக்கு வெளியே ஒரே மேட்டில்தான் விழுகிறது.

மழையும் குப்பையும்

இன்னொரு சங்கதி. தீபாவளி வருவது ஐப்பசி. ஐப்பசி அடைமழை என்பது பழமொழி. வெடி வெடித்த ராத்திரியே மழை கொட்டினால் குப்பை யாருக்கும் காத்திருப்பதில்லை. தானே சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கண்மாய்க்கும் போகிறது.

காகிதம் ஊறிப்போகும். ரசாயனம் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாகாணத்தில் ஒரு ஏரி. சுதந்திர தினத்தன்று அங்கே வாணவேடிக்கை விடுவார்கள். அந்த நாட்டு வாணங்களில் பெர்குளோரேட் என்ற உப்பு உண்டு. அது உடம்பில் சேர்ந்தால் தைராய்டு சுரப்பிக்குக் கெடுதி. விஞ்ஞானிகள் 2004 முதல் 2006 வரை அந்த ஏரித் தண்ணீரைச் சோதித்தார்கள். வாணம் விட்ட 14 மணி நேரத்துக்குள் அந்த உப்பு ஏறியிருந்தது. குறைந்தது 24 மடங்கு. அதிகபட்சம் 1,000 மடங்குக்கும் மேலே! பழைய நிலைக்கு வர 20 நாள் முதல் 80 நாள் வரை ஆயிற்று.

நம் பட்டாசில் போடும் உப்புகள் வேறாக இருக்கலாம். ஆனால் தண்ணீரின் குணம் எங்கும் ஒன்றுதான். கொட்டுவதைக் கரைத்து, குடிக்கிறவர் வாசலுக்குக் கொண்டுவரும்.

ஊர் ஊராய் அலைந்த சாம்பல்

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் அல்ல. உலகமே குப்பையில் முழி பிதுங்கி நிற்கிறது.

2016-ம் ஆண்டில் உலகத்து ஊர்களில் சேர்ந்த குப்பை 201 கோடி டன். உலக வங்கி 2018-ல் வெளியிட்ட கணக்கு இது. 2050-ல் அது 340 கோடி டன் ஆகிவிடும் என்கிறது அதே கணக்கு. இதில் மூன்றில் ஒரு பங்கையாவது சரியான முறையில் அழிப்பதில்லை.

பணக்கார நாடுகள் என்ன செய்தன? ஒரு கப்பல் கதையைக் கேளுங்கள்.

1986-ம் ஆண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். குப்பையை எரித்த சாம்பல் மலையாகக் குவிந்தது. சுமார் 14 ஆயிரம் டன் சாம்பலைக் 'கியான் சீ' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். எந்தத் துறைமுகமும் இடம் கொடுக்கவில்லை. நாடு நாடாக அலைந்தது கப்பல். கடைசியில் ஹைத்தி என்ற ஏழை நாட்டில் ஒதுங்கியது. "இது உரம்" என்று சொல்லி, 1988-ல் சுமார் 4 ஆயிரம் டன்னைக் கடற்கரையில் கொட்டிவிட்டு நழுவியது. கப்பலின் பெயரையும் மாற்றினார்கள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை! மீதிச் சாம்பல் அட்லாண்டிக் கடலிலும், நம் இந்து மகா சமுத்திரத்திலும் போயிற்று.

ஹைத்தியில் கொட்டியதில் ஒரு பகுதியை, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அள்ளினார்கள். 2002-ல் அது புறப்பட்ட மாகாணத்துக்கே திரும்பிப் போய்ப் புதைந்தது. 16 ஆண்டு உலகம் சுற்றிவிட்டு, வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது குப்பை!

பக்கத்து நாட்டில் நடந்ததோ பெரும் சோகம். இலங்கையில் கொழும்பு நகரத்துக் குப்பையை மீதொட்டமுல்ல என்ற இடத்தில் மலை போலக் குவித்திருந்தார்கள். அடிவாரத்தில் ஏழைகளின் வீடுகள். 2017 ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு நாள். பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில் அந்தக் குப்பை மலை சரிந்தது. வீடுகள் புதைந்தன. 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த மலையில் யாருடைய குப்பை இருந்தது? ஊர் முழுவதன் குப்பையும் இருந்தது. யார் மேல் சரிந்தது? அடியில் இருந்தவர்கள் மேல்தான்.

குப்பை என்றால் செல்வம்

"இது உரம்" என்று ஹைத்தி மக்களிடம் சொன்ன பொய், கரிசல் காட்டில் ஒரு காலத்தில் மெய்யாக இருந்தது.

விருதுநகர்ச் சீமையில் சம்சாரிகள் பேச்சில் குப்பை என்றால் எருதான். 'காட்டுக்குக் குப்பை அடிக்கிறார்கள்' என்றால் வண்டி வண்டியாக எரு கொண்டுபோய் நிலத்தில் கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், கூளம், இலை தழை எல்லாம் வீட்டுக் குப்பைக்குழியில் சேரும். கோடையில் வண்டி ஏறும். அடுத்த மழைக்குப் பருத்தியாகவும் கம்பாகவும் திரும்பி வரும். பெரிய குப்பைக்குழி உள்ள வீடு பெரிய வீடு!

அந்தக் குப்பைக்கும் இந்தக் குப்பைக்கும் என்ன வித்தியாசம்? அது மண்ணில் பிறந்து மண்ணில் கலந்தது. இது கலக்க மறுக்கிறது.

கலக்க மறுத்தால் எத்தனை காலம் கிடக்கும்? அதற்கும் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்பொருள் துறையினர் பல கட்டமாக அகழாய்வு நடத்தினார்கள். மண்ணுக்குள்ளிருந்து என்ன வந்தது? பானை ஓடு, சங்கு வளையல் துண்டு, கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை. அந்தக் காலத்து மக்கள் உடைந்தது என்று எறிந்த சாமான்களும் அதில் உண்டு. ஊர் போய்விட்டது, ஆட்கள் போய்விட்டார்கள், எறிந்தது கிடக்கிறது!

நாம் எறிவதும் அப்படித்தான் கிடக்கும். அவர்கள் எறிந்தது ஓடு, எடுத்தவர்கள் மகிழ்ந்தார்கள். நாம் எறிவதை எடுப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

ஒரு வாளித் தண்ணீர்

பண்டிகை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? பட்டாசை நம்பி லட்சக்கணக்கான வயிறுகள் இருக்கின்றன. குழந்தைகளின் சிரிப்பும் இருக்கிறது. ஆனால் கொளுத்துகிற கையே கொஞ்சம் பொறுப்பும் ஏற்றுக்கொண்டால் போதும். பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

வாசலில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை உடனே அதில் போடுங்கள். மத்தாப்பு எரியும் இடத்தில் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அணைந்த பிறகும் கம்பி சுடும். பிஞ்சுக் கால்கள் மிதித்துப் புண்ணாவது தீபாவளிதோறும் நடக்கிறது. ஆறிய கம்பியைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்க்காதீர்கள். திரும்பக் கொளுத்தாதீர்கள். சற்றுப் பொறுத்து, தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு வாளியில் நன்றாக மூழ்கும்படி போட்டு ஊற விடுங்கள். அரைகுறை ஈரம்தான் மருந்துக்கு ஆபத்து. சூடு உள்ளேயே தங்கிவிடும். நிறையத் தண்ணீர் இருந்தால் சூட்டை அது இழுத்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் குழந்தைகள் வெடிக்காத வெடி பொறுக்கப் போவார்கள். மருந்தைக் கொட்டிக் கொளுத்திப் பார்ப்பார்கள். கண்ணும் விரலும் போவது இந்த விளையாட்டில்தான். முன்கூட்டியே எச்சரித்து வையுங்கள்.

காகிதக் குப்பையைக் குவித்துத் தீ வைக்காதீர்கள். உள்ளே ஒரு வெடி ஒளிந்திருக்கலாம்.

உங்கள் வாசல் குப்பையை நீங்களே பெருக்கி, ஒரு சாக்கில் தனியாகக் கட்டி வையுங்கள். "இது பட்டாசுக் குப்பை அம்மா, பார்த்து எடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குக் காசு இல்லை. ஆனால் அது ஒரு கையைக் காப்பாற்றும்.

சிவகாசியில் சரம் பின்னிய கை ஒன்று. ஆலைக்குப் பின்னால் கழிவை எரித்த கை ஒன்று. நடுவில் உங்கள் வீட்டுக் குழந்தையின் கை. கடைசியில் விடியற்காலையில் துடைப்பம் பிடிக்கும் கை.

குப்பை எங்கேயும் போவதில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் மாறுகிறது.

அடுத்த தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில், 'சர்... சர்...' என்று சத்தம் கேட்டால், கதவைத் திறந்து பாருங்கள்.